சம்பா வேர் கறுத்து நாறுகிறது, பக்கத்து வயலில் துரு நிறமாக இருக்கிறது. இதில் எது நல்ல வேர்?

#1 வெண்ணாற்றங்கரை
கார்த்திகை 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அப்பா போன பிறகு மூன்று வருடமாக நான்தான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் நட்டு இன்றோடு 38 நாள். அடி இலை மஞ்சளடித்து, தூர் வெடிக்காமல், நட்டது நட்டபடி நிற்கிறது. யூரியா போட்டும் பச்சை ஏறவில்லை. இன்று காலை ஒரு குத்தை மண்ணோடு அள்ளி வாய்க்காலில் அலசினேன். வேர் முழுக்கக் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் சாப்பிடும்போது வாடை வந்தது.

பக்கத்து வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் வயலிலும் ஒரு குத்து பிடுங்கினேன். அங்கே வேர் செம்பட்டை நிறம், துருப்பிடித்த கம்பி மாதிரி. நுனி மட்டும் வெள்ளை. அவர் பயிர் தளதளவென்று இருக்கிறது. ஆனால் அவரே வேரைப் பார்த்துப் பயந்துவிட்டார், 'இது என்னப்பா துரு ஏறிக் கிடக்கு' என்று.

உரக்கடையில் சொன்னேன். வேர் டானிக் என்று ஒரு பாட்டில் 780 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இன்னும் திறக்கவில்லை. இரண்டு வேரும் நோயா? ஒன்று மட்டும் நோயா?

#2 சும்மா_பார்ப்பவன்
கார்த்திகை 8, இரவு 9.52

திறக்காதீர்கள். சீல் உடையாமல் இருந்தால்தான் திருப்பி எடுப்பார்கள்.

#3 மடைக்காரர்
கார்த்திகை 9, காலை 5.15

தம்பி, பாட்டில் இருக்கட்டும். நாலு விஷயம் சொல்லுங்கள். நடவுக்கு முன்னால் தழையுரம் உழுது மடக்கினீர்களா? மடக்கி எத்தனை நாளில் நட்டீர்கள்? நட்டதிலிருந்து ஒரு நாளாவது தண்ணீரை வடித்தீர்களா? பக்கத்து வயல் உங்களுடையதைவிட மேடா?

#4 வெண்ணாற்றங்கரை
கார்த்திகை 9, காலை 7.30

தக்கைப்பூண்டு மடக்கினேன் ஐயா. ஆடியில் தெளித்தது, நெஞ்சுயரம் வளர்ந்து தண்டே முற்றிவிட்டது. நடவாள் அன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான் என்றார்கள், அதனால் மடக்கிய மூன்றாம் நாளே நட்டுவிட்டோம். ஐப்பசி முழுக்க மழை. வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் இறங்கவே இல்லை. பக்கத்து வயல் ஒரு சாண் மேடு. அவர் தழையும் போடவில்லை.

சப்-1 ரகம் தண்ணீர் தாங்கும் என்றுதானே விதை வாங்கினேன்?

#5 மடைக்காரர்
கார்த்திகை 9, காலை 8.05

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். முற்றின தழை, அவசர நடவு, வடியாத தண்ணீர். எங்கள் அப்பா இதை 'வயல் கொதிக்குது' என்பார். காலை வைத்தால் சேற்றிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும், பார்த்திருப்பீர்கள்.

மழை இரண்டு நாள் விட்டதும் முதல் வேலையாக வாய்க்காலில் இறங்கித் தாமரையை அறுத்து விடுங்கள். தண்ணீரை ஒட்ட வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு ஓடும்வரை காய விடுங்கள். அதுவரை யூரியா ஒரு பிடிகூட வேண்டாம். வாயில்லாதவனுக்குச் சோறு ஊட்டுவது மாதிரி அது.

ஏன் கறுக்கிறது, ஏன் சிவக்கிறது என்பதை டீச்சர் வந்து சொல்லட்டும். எனக்குச் செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது.

#6 கும்பகோணம்_டீச்சர்
கார்த்திகை 9, பிற்பகல் 3.20

மடைக்காரர் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. காரணத்தை மட்டும் எழுதுகிறேன்.

வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். தீர்ந்த பிறகும் அவை சும்மா இருப்பதில்லை. நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திக்கொண்டு, கடைசியில் சல்பேட்டில் வந்து நிற்கும். அப்போது கிளம்புவது ஹைட்ரஜன் சல்பைடு. உங்கள் அழுகின முட்டை அதுதான். அது மண்ணில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு, கன்னங்கரேல் என்று வேர்மேல் படியும். பச்சைத் தழை நிறையக் கிடந்தால் நுண்ணுயிருக்குக் கல்யாண விருந்து. இந்த வரிசையில் மளமளவென்று அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

இப்போது துரு. உங்கள் பக்கத்து வயல்காரரிடம் போய் இன்றைக்கே சொல்லுங்கள், அவர் பயிருக்கு ஒன்றுமில்லை. நெல் வேர் இலையிலிருந்து ஆக்சிஜனைக் கீழே இறக்கி, நுனிப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். நீர் கட்டின சேற்றில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். அந்த ஆக்சிஜன் பட்டதும் துருவாகி வேர்மேலேயே படிந்துவிடும். ஆக, துரு ஏறியிருந்தால் அந்த வேர் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். வெள்ளை நுனி புதிதாக வளர்ந்தது, இன்னும் துரு படிய நேரமாகவில்லை.

கறுத்த வேரில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. அலசி, ஒரு வெள்ளைத் தட்டில் காற்றுப்பட வையுங்கள். மேல்பூச்சு மட்டும்தான் என்றால் நேரம் ஆக ஆகக் கறுப்பு வெளிறிப் பழுப்பாகும். அப்புறம் வேரை இரண்டு விரலால் பிடித்து உருவுங்கள். செத்த வேர் என்றால் மேல்தோல் உறை கழல்வதுபோல வழுக்கிக்கொண்டு வந்துவிடும், நடுவில் நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். உயிருள்ள வேர் விறைப்பாக இருக்கும், உருவ வராது.

சப்-1 பற்றி: அது ஒடிசா நாட்டு நெல்லிலிருந்து வந்த மரபணு. பயிர் தலைமுழுகினால் வீணாக நீண்டு வளராமல், இருப்பைச் செலவழிக்காமல் இரண்டு வாரம்போல அடங்கிக் கிடக்க வைக்கும். வேரடியில் சல்பைடு ஏறுவதற்கு அது மருந்தல்ல. சல்பேட் உள்ள உரமும் இப்போதைக்கு வேண்டாம். அம்மோனியம் சல்பேட் யாராவது சொன்னால் போடாதீர்கள்.

அடுத்த முறை போட்டோ போட்டால் வேர் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். அளவு தெரியாத போட்டோவை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

#7 ஒரத்தநாடு_தோப்பு
கார்த்திகை 9, இரவு 8.11

டீச்சர், ஒரு சந்தேகம். என் தோப்பில் ஒரு வாரம் தண்ணீர் நின்றாலே வேறு எந்தச் செடியும் தொங்கிப்போகிறது. நெல் மட்டும் நாலு மாதம் சேற்றிலேயே நிற்கிறது. இலையிலிருந்து ஆக்சிஜன் கீழே இறங்குகிறது என்கிறீர்கள், குழாய் இருக்கிறதா என்ன?

#8 கும்பகோணம்_டீச்சர்
கார்த்திகை 10, காலை 10.45

இருக்கிறது! சவர பிளேடு ஒன்று எடுங்கள், புதுசாக. நெல் வேரில் நுனியிலிருந்து நாலைந்து விரல்கடை மேலே, துரு ஏறின இடத்தில், குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். மாட்டு வண்டிச் சக்கரம் தெரியும். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இடையில் ஆரக்கால். ஆரக்காலுக்கு இடையில் வெற்றிடம். அந்த இடத்தில் முதலில் உயிரணுக்கள் இருந்தன. அவை தாமாகச் செத்து வழிவிட்டதால் வந்த காற்றுப்பாதை அது. இலையிலிருந்து தண்டு வழியாக வேர்வரை தொடர்ச்சியாக ஓடும். பள்ளிப் புத்தகத்தில் காற்றறைத் திசு என்று இருக்கும், ஏரன்கைமா என்றும் சொல்வார்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. காற்று வழியிலேயே ஒழுகிவிட்டால் நுனிக்குப் போய்ச் சேராதே? அதனால் நீர் கட்டின மண்ணில் வளரும் நெல், வேரின் வெளிச்சுவரில் சூபெரின் என்ற மெழுகு போன்ற பொருளைப் பூசி அடைத்துக்கொள்ளும். தக்கையில் இருக்கும் அதே பொருள். நுனிப் பக்கம் மட்டும் அடைப்பு இல்லை. அதிகம் கசிவது அங்கேதான்.

உளுந்து, பருத்தி போன்றவற்றின் வேரில் இவ்வளவு பெரிய காற்றுப்பாதை கிடையாது. அவற்றின் வேர், மண்ணின் இடுக்கில் இருக்கும் காற்றைத்தான் நம்பி இருக்கிறது. அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்தால் மூச்சு முட்டும். வேர் மூச்சு முட்டினால் தண்ணீரையும் இழுக்க முடியாது, அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடும். பார்க்கிறவர்கள் வாடுகிறதே என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள்.

#9 நடவாள்_மகள்
கார்த்திகை 10, இரவு 9.30

அம்மா முப்பது வருடம் நடவுக்குப் போனவங்க. இந்த இழையைப் படித்துக் காட்டினேன். 'மூணாம் நாள் நட்டாங்களா, சேறு கையைக் கடிச்சிருக்குமே' என்றார். கறுத்த வேரைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே இல்லை.

அம்மாவுக்கு ஒரு கேள்வி, நானே கேட்கிறேன். நாற்றுப் பறித்ததும் சேறு போக வேரைக் காலில் பட்பட்டென்று அடித்துத்தான் முடிச்சுக் கட்டுவார்கள். அப்படி அடித்தால் வேர் அறுந்துபோகாதா? அறுந்தும் பயிர் எப்படிப் பிழைக்கிறது? பச்சை பிடிக்க ஐந்தாறு நாள் ஆவது அதனால்தானா?

#10 கும்பகோணம்_டீச்சர்
கார்த்திகை 11, காலை 11.00

அம்மாவின் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

வேர் நுனியில் தொப்பி மாதிரி வேர்மூடி. மண்ணை உரசிக்கொண்டே போவதால் அதன் வெளி அணுக்கள் உதிரும், உள்ளிருந்து புதிது வரும். வழவழப்பான பசையும் சுரக்கும். உலக்கைக்குப் பூண் கட்டுவது மாதிரி என்று வகுப்பில் சொல்வேன், பிறகு பூண் தேய்ந்தால் தானாக வளராதே என்று ஒரு பையன் கேட்டதிலிருந்து அந்த உவமையை விட்டுவிட்டேன். தொப்பிக்குப் பின்னால் ஆக்குத்திசு, அணு பிரியும் இடம். அதற்குப் பின்னால் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நீட்சிப் பகுதி, பிறந்த அணுக்கள் அங்கே நீள்கின்றன. மண்ணைக் குத்தும் தள்ளு விசை முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான். மேலே இருக்கும் மீதி வேர் நகர்வதே இல்லை.

நம்பாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். மொச்சையை ஈரத்துணியில் முளைகட்டி, வேர் இரண்டு விரல்கடை வந்ததும் நுனியிலிருந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக மையால் போடுங்கள். மறுநாள் நுனிக்குப் பக்கத்துக் கோடுகள் மட்டும் விலகியிருக்கும், மேலே உள்ளவை போட்டபடியே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் செய்த சோதனை இது. முதல் வருடம் என் வகுப்பில் பேனா மை கரைந்து வேர் முழுக்க நீலமாகிவிட்டது. கறுப்பு மார்க்கர் நல்லது.

நீட்சிப் பகுதிக்கு மேலேதான் வேர்த்தூவிகள். ஒவ்வொன்றும் ஒரே ஓர் அணு வெளியே நீண்டது, கண்ணுக்கு வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். தண்ணீரும் உப்பும் எடுக்க வேருக்குப் பரப்பைக் கூட்டிக் கொடுப்பவை. ஆயுள் சில நாள், மிஞ்சினால் சில வாரம். காலில் அடிக்கும்போது போவது முதலில் இவைதான். கூடவே நுனிகளும் நிறைய ஒடியும்.

பிழைப்பது எப்படி என்றால், நெல் பழைய வேரை நம்பி இருப்பதில்லை. விதையிலிருந்து வந்த முதல் வேர் கொஞ்ச நாள் துணைக்குத்தான். பிறகு தண்டின் அடிக் கணுக்களிலிருந்து வேற்றிட வேர்கள் சுற்றிலும் கிளம்பும், தூர் கூடக் கூட வேரும் கூடும். நட்டதும் பயிர் செய்யும் முதல் காரியம் கணுவிலிருந்து புது வேர் விடுவது. அது மண்ணைப் பிடிக்கும்வரை உள்ள நாள்தான் நீங்கள் சொல்லும் ஐந்தாறு நாள். ஆழமாகச் சொருகிவிட்டால் அடிக்கணு காற்றில்லாத சேற்றில் மாட்டிக்கொண்டு இன்னும் தாமதமாகும். அம்மா எவ்வளவு ஆழம் நடுவார் என்று கேளுங்கள்.

#11 நடவாள்_மகள்
கார்த்திகை 11, பிற்பகல் 1.15

கேட்டேன். 'ரெண்டு விரல் நுனி நனையற அளவு. கட்டைவிரல் உள்ளே போச்சுன்னா மேஸ்திரி திட்டுவாரு' என்றார்.

#12 சும்மா_பார்ப்பவன்
கார்த்திகை 11, பிற்பகல் 1.40

ஒரு செடியின் வேரை எல்லாம் நீட்டி வைத்தால் எவ்வளவு நீளம் வரும்? யாராவது அளந்திருக்கிறார்களா, இல்லை அந்த அளவுக்கு வேலையில்லாதவன் நான் ஒருவன்தானா?

#13 கும்பகோணம்_டீச்சர்
கார்த்திகை 11, மாலை 4.30

அளந்திருக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவில் டிட்மர் என்பவர் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் ஒரே ஒரு செடியைப் பெட்டியில் நாலு மாதம் வளர்த்துக் கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் சுமார் 623 கிலோமீட்டர். தஞ்சாவூரில் ரயில் ஏறி மெயின் லைனில் எழும்பூர் போய், திரும்பும்போது சிதம்பரமும் தாண்டிவிடலாம். வேர்த்தூவி மட்டும் 1,400 கோடி. உங்களுக்கு ஒரு போட்டியாளர் இருந்திருக்கிறார்.

#14 ஒரத்தநாடு_தோப்பு
கார்த்திகை 12, காலை 6.20

நெல்லோடு நிறுத்த வேண்டாம், தென்னைக்கும் வாருங்கள். எங்கள் பக்கம் புது ஆற்றுப் பாசனம், மணல் கலந்த செம்மண். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தபோது நான் தோப்பு வீட்டில் இருந்தேன். மரம் முறிந்தது கொஞ்சம்தான். நிறைய மரம் மண்ணோடு பெயர்ந்து சாய்ந்தது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு அடிமரத்திலும் துடைப்பக்கட்டை மாதிரி விரல் தடிமன் வேர்கள், எல்லாம் ஒரே தடிமன், கூட்டமாகத் தொங்குகிறது. இருபத்தைந்து வருட மரத்துக்கு அடியில் ஒரு ஆணிவேர்கூட இல்லை. வரப்பு ஓரத்து வேப்பமரம் அப்படியே நின்றது, கிளைதான் போனது.

இவ்வளவு பெரிய மரத்துக்கு ஏன் வேர் பருக்கவே இல்லை?

#15 கும்பகோணம்_டீச்சர்
கார்த்திகை 12, காலை 9.50

வருத்தமான படம், ஆனால் நீங்கள் பார்த்தது சரி. தென்னை நெல்லுக்கும் புல்லுக்கும் சொந்தக்காரன், ஒருவித்திலை. வேப்பமரத்து வேரில் கேம்பியம் என்ற வளர்திசு வருடா வருடம் கட்டை சேர்த்துப் பருக்க வைக்கும். தென்னைக்கு அது கிடையாது. பிறக்கும்போது என்ன தடிமனோ, சாகும்வரை அதே. அதனால் தடிமனுக்குப் பதில் எண்ணிக்கை: காய்க்கும் மரத்தின் அடிக்கிழங்கில் ஆயிரக்கணக்கில் வேர் இருக்கும். பெரும்பாலானவை மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள், நாலடி ஆழத்துக்குள். உரம் வைக்க 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கச் சொல்வது அதை வைத்துத்தான். இன்னொன்று, தென்னை வேரில் தூவியே கிடையாது. வேர்மேல் வெள்ளையாகச் சின்ன முளை மாதிரி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவை மூச்சு விட.

#16 ஒரத்தநாடு_தோப்பு
கார்த்திகை 12, காலை 10.30

பார்த்திருக்கிறேன். பூஞ்சணம் என்று நினைத்து ஒரு வருடம் மருந்து ஊற்றினேன். சரி, விடுங்கள்.

#17 கோரையாறு_முகத்துவாரம்
கார்த்திகை 13, இரவு 10.05

முத்துப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மூணாறு தலைப்பில் பிரிகிற கோரையாறும் பாமணியாறும் எங்களிடம்தான் வந்து முடிகின்றன. வெண்ணாற்றங்கரை தம்பி வடிக்கிற கறுப்புத் தண்ணீர் எங்கள் காயலுக்குத்தான் வரும், பரவாயில்லை.

வேர் மூச்சு விடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பிளேடு வேண்டாம், எங்கள் ஊருக்கு வாருங்கள். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டது மாதிரி நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும். வேர் கீழேதான் போகும் என்று படித்தவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். அலை ஏறும்போது முங்கும், வற்றும்போது காற்று வாங்கும். வண்டல் ஏறி மூடிக்கொண்டால் மரம் மூச்சுத் திணறும். இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உப்பில் பெரும்பகுதியை வேரே உள்ளே விடாது, தப்பி வந்ததை இலை வெளியே தள்ளுகிறது என்று வனத்துறைப் படகில் வந்தவர் சொன்னார்.

காட்டுக்குள் தண்ணீர் தேங்கி உப்பேறி மரம் செத்த இடங்களில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி அலையை உள்ளே விட்டார்கள். தேங்கினால் சாகும், ஓடினால் பிழைக்கும். உங்கள் வயல் கதைதான்.

#18 மடைக்காரர்
கார்த்திகை 14, காலை 5.05

வடிகால் பற்றி நான் நாற்பது வருடமாகக் கத்துகிறேன், கடைசியில் அலையாத்தி மரம் எனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

#19 வெண்ணாற்றங்கரை
கார்த்திகை 27, மாலை 6.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். வாய்க்காலில் இறங்கி நானும் இரண்டு பேருமாகத் தாமரையை அறுத்தோம், அரை நாள் ஆனது. பக்கத்து வயல்காரரும் வந்தார், துரு நல்லது என்று சொன்ன சந்தோஷம். தண்ணீர் ஒட்ட வடிந்தது. நடுவில் ஒரு நாள் மழை பெய்தாலும் ஆறாம் நாள் மேட்டுப் பக்கம் மயிரிழை ஓடியது.

டீச்சர் சொன்ன தட்டுச் சோதனை செய்தேன். பத்து வேரில் ஆறு பழுப்பானது, நாலு உருவினதும் உறை கழன்று வந்தது. அம்மா வழியில் வந்து, 'சாப்பிடற தட்டுலயா வச்ச' என்று சத்தம் போட்டார்.

இன்று காலை ஒரு குத்து பிடுங்கினேன். கறுத்த கற்றைக்கு மேலே, தண்டின் அடியில், வெள்ளை வெளேரென்று பதினெட்டு புது வேர். எண்ணினேன். நீளமானது ஒரு சாண். காசு வைத்து போட்டோ போட்டிருக்கிறேன். பாட்டிலைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், பணத்துக்குப் பதில் களைக்கொல்லி தருகிறேன் என்கிறார்.

#20 கும்பகோணம்_டீச்சர்
கார்த்திகை 27, இரவு 7.40

அருமை. இப்போது மேலுரம் போடலாம், கொஞ்சமாக. போட்டோவில் காசு தலைகீழாக இருக்கிறது, பரவாயில்லை.

#21 ஆய்வு_மாணவன்
தை 11, இரவு 9.00

இழையைப் பிந்திப் பார்த்தேன். ஒரு தகவல் சேர்க்கிறேன். வேர் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்பதற்கும் மரபணு உண்டு. 1880-லேயே டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும், நுனியை வெட்டிவிட்டால் வேர் புவியீர்ப்புக்கு வளைவதில்லை என்று காட்டினார்கள். வேர்மூடியில் இருக்கும் மாவுத் துணுக்குகள் எடையால் கீழ்ப்பக்கம் விழுந்து திசை காட்டுகின்றன, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அந்தப் பக்கம் கூடி வேரை வளைக்கிறது. நெல்லில் வேரைச் செங்குத்தாக இறக்கும் 'டி.ஆர்.ஓ. 1' என்ற மரபணுவை ஜப்பான் ஆய்வாளர்கள் 2013-இல் அடையாளம் காட்டினார்கள். பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல்லிலிருந்து ஐ.ஆர். 64-க்கு அதை மாற்றியபோது வறட்சியில் விளைச்சல் தாங்கியது. டெல்டாவுக்கும் அப்படி ஒரு ரகம் வந்தால் மேட்டூர் தண்ணீர் தாமதமானாலும் சமாளிக்கலாமே?

#22 மடைக்காரர்
தை 12, காலை 5.20

ஆழமாக இறங்கி எங்கே போகும் தம்பி? அரை அடிக்குக் கீழே கல் மாதிரி தட்டு இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடவுக்குச் சேறு கலக்கித் தொளி அடித்து அடித்துக் கட்டின தட்டு. அது இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது.

#23 ஒரத்தநாடு_தோப்பு
தை 12, காலை 8.00

அந்தத் தட்டைத்தான் உடைக்க வேண்டும் என்கிறேன். உளிக்கலப்பை போட்டு ஒன்றரை அடிக்குக் கீறி விட்டால் உளுந்து வேர் கீழே போகும். சம்பாவுக்குப் பின் தெளிக்கிற உளுந்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்? மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்தை நம்பித்தானே? ஆணிவேர் அரை அடியில் முட்டிக்கொண்டு நின்றால் மாசி வெயிலில் என்ன செய்யும்?

#24 மடைக்காரர்
தை 12, காலை 8.45

உங்கள் மணல் மண்ணில் செய்யுங்கள். எங்கள் களிமண்ணில் தட்டை உடைத்துவிட்டு அடுத்த குறுவைக்கு நீங்கள் வந்து தண்ணீர் கட்டுவீர்களா? இரண்டு மா இன்ஜின் வைத்து இறைத்துப் பார்த்தால் தெரியும். நெல்லுக்கு வேண்டியது உளுந்துக்கு ஆகாது, இரண்டையும் ஒரே வயலில்தான் போட்டாக வேண்டும். இதில் ஒன்றைத்தான் சமாளிக்க முடியும்.

#25 கும்பகோணம்_டீச்சர்
தை 12, பிற்பகல் 2.10

இருவரும் அவரவர் மண்ணுக்குச் சரி. நான் மடைக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஏனென்றால் நெல் போனால் குடும்பம் போகும், உளுந்து உபரி.

ஆனால் வேர் எப்போதும் முட்டி மோதித்தான் போகும் என்றில்லை. மண்ணின் எதிர்ப்பு சதுர சென்டிமீட்டருக்கு இருபது கிலோ அளவுக்கு ஏறினால் பெரும்பாலான வேர்கள் நின்றுவிடும். அதே களிமண் ஈரமாக இருந்தால் எதிர்ப்பு மிகக் குறைவு. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பதில் நம் ஆட்களின் சூட்சுமம் இதுதான். முளைத்த வேர், மெழுகு பதத்தில் இருக்கும் மண்ணில் அவசரமாக இறங்கிவிடுகிறது. மண்புழு ஓட்டை, மக்கிப்போன தக்கைப்பூண்டு வேரின் துவாரம், நெல் வேர் விட்ட வழி, எது கிடைத்தாலும் அதில் நுழையும். அந்தப் பதத்தில் கெடுப்பது அறுவடை வண்டி. ஈரத்தில் டயர் வண்டி இறங்கினால் அந்தச் சுவட்டில் எதுவும் முளைக்காது. செயின் வண்டிக்குச் சொல்லி வையுங்கள்.

#26 வெண்ணாற்றங்கரை
தை 13, காலை 7.00

இன்று ஆடுதுறை 3 உளுந்து தெளிக்கிறேன். செயின் வண்டிக்குச் சொல்லிவிட்டேன். வருவார் என்று நினைக்கிறேன்.

#27 வெண்ணாற்றங்கரை
மாசி 18, இரவு 8.50

செயின் வண்டி வரவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் அறுவடை, டயர் வண்டிதான் கிடைத்தது. நெல் பக்கத்து வயலைவிடக் குறைவு, ஆனால் கார்த்திகையில் நான் பயந்த அளவுக்கு இல்லை.

உளுந்து பூ எடுத்துவிட்டது. இரண்டு இடத்தில் மண்வெட்டியால் தோண்டினேன். வண்டி போகாத இடத்தில் ஆணிவேர் நேராக இறங்கி ஒரு முழத்துக்கு மேல் இருந்தது, அடியில் ஒரு பழைய ஓட்டைக்குள் போயிருந்தது. டயர் சுவட்டின் ஓரத்தில் தோண்டினது நாலு விரல்கடை இறங்கி, தட்டில் முட்டி, எல் எழுத்து மாதிரி பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கிறது. அந்தச் செடி உயரமும் பாதிதான்.

வேரில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. வேர்முடிச்சா, நூற்புழுவா என்று தெரியவில்லை.

#28 கும்பகோணம்_டீச்சர்
மாசி 18, இரவு 9.10

நகத்தால் தட்டிப் பாருங்கள். வேர்முடிச்சு என்றால் பொட்டு மாதிரி பக்கத்தில் ஒட்டியிருக்கும், தட்டினால் உதிரும். நூற்புழு என்றால் வேரே வீங்கியிருக்கும், பிரிக்க வராது. உதிர்ந்ததை நகத்தால் கிள்ளுங்கள், உள்ளே என்ன நிறம்?

#29 வெண்ணாற்றங்கரை
மாசி 18, இரவு 9.35

டார்ச் அடித்துப் பார்த்தேன். உதிர்கிறது. நேரான வேரில் உள்ளே சிவப்பு, பல் ஈறு மாதிரி. மடங்கின வேரில் நாலைந்துதான் இருக்கிறது, உள்ளே பச்சை.

#30 கும்பகோணம்_டீச்சர்
மாசி 18, இரவு 9.42

சிவப்பு என்றால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருப்பதன் தூரத்துச் சொந்தம் அந்தச் சிவப்பு. பச்சை ஓய்ந்துவிட்டது. இரண்டு வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ.

#31 மடைக்காரர்
மாசி 19, காலை 5.10

காசு வையுங்கள் தம்பி. இந்த முறை நேராக.